தேதி என்னுடையது, நேரம் அவளுடையது

சௌந்தரி இறந்த செய்தி எனக்கு ஒரு ஃபிளெக்ஸ் பேனரின் படமாகத்தான் வந்தது. மணவாள நகர் கடைத்தெருவில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்றவர்களின் வாட்ஸ்ஆப் குழுவில், வழக்கமாகக் காலை வணக்கமும் பூங்கொத்தும் வந்து விழுகிற இடத்தில், 'கண்ணீர் அஞ்சலி' என்ற பெரிய எழுத்தின் கீழே அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அலுவலகத்தில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படத்திலிருந்து அவளை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறார்கள். வெட்டியவருக்குக் கை சரியில்லை. அவளுக்குப் பக்கத்தில் மாம்பழ நிறப் புடவை கட்டிய ஒரு தோள் பாதி தெரிந்தது. அந்தத் தோள் என்னுடையது.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இதிலும் நடுவில் அவள், ஓரத்தில் நான். செத்துப்போனவளிடம் போய் இப்படி ஒரு கணக்குப் பார்க்கிறோமே என்று பிறகுதான் உறைத்தது. கீரைக்காரம்மா இரண்டு முறை கூப்பிட்டாளாம், என் காதில் விழவில்லை. கீரைக் கட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே அழுதேன்.

நம் சங்க மலருக்கு அவளைப் பற்றி எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். கூடவே அதிக நாள் இருந்தது நீங்கள்தானே என்றார்கள். உண்மைதான். ஞானசௌந்தரியும் வேதவல்லியும் ஒரே நாளில் வேலையில் சேர்ந்தோம், ஒரே மேசையின் இரண்டு பக்கம் உட்கார்ந்தோம், ஒரே வருஷத்தில் மாலை போட்டு அனுப்பப்பட்டோம். அவள்மேல் அன்பு வைத்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் அவள்மேல் பொறாமை வைத்திருந்தவள், இன்றைக்கும் வைத்திருக்கிறேன். பொறாமைப்படுகிற ஆள் பார்க்கிற அளவுக்கு, அன்பு வைத்த ஆள் உற்றுப் பார்ப்பதில்லை. அந்தத் தகுதியில்தான் எழுத ஒத்துக்கொண்டேன்.

நம் பிள்ளைகளும் இந்த மலரைப் புரட்டுவார்கள் என்பதால் எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு பகுதிக்கு வளர்ச்சித் திட்டம் போடும்போது எங்கே வீடு, எங்கே தொழிற்சாலை, எங்கே பயிர் என்று வரைபடத்தில் நிறம் கொடுப்பார்கள். வீட்டுக்கு மஞ்சள், தொழிலுக்கு ஊதா, வயலுக்குப் பச்சை. அந்த வரைவை மக்களிடம் காட்டி, அவர்கள் சொல்லும் ஆட்சேபணையைக் கேட்டு, திருத்தி, பிறகுதான் முடிவு செய்ய வேண்டும். வரைவு எப்போது வெளியாகும், எந்த ஊரில் எந்த நாள் கருத்துக் கேட்புக் கூட்டம், ஆட்சேபணை தர எது கடைசி நாள் என்று கால அட்டவணை போடுவது என் பொறுப்பு. அந்தக் கூட்டங்களை நடத்துவது சௌந்தரியின் பொறுப்பு.

அட்டவணை போடுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இதை நான் சொல்லாவிட்டால் யார் சொல்லப் போகிறார்கள்? அப்பா திருவள்ளூரில் பெருமாள் கோயிலில் கைங்கரியம் செய்தவர். உப்பு, புளி மாதிரி பஞ்சாங்கம் எப்போதும் எங்கள் வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். அமாவாசையன்று திருவள்ளூரில் எந்தக் கூட்டமும் வைக்கக் கூடாது, தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. ஆடிக் கிருத்திகையன்று மாவட்டத்தில் எங்கேயுமே வைக்கக் கூடாது, பாதி ஊர் காவடியோடு திருத்தணியில் இருக்கும். மாதா கோயில் கொடியேற்றம், பொதட்டூர்பேட்டைச் சந்தை, அறுவடை, பள்ளிக்கூடப் பரீட்சை எல்லாம் பார்த்துத்தான் தேதி போடுவேன். நான் போட்ட தேதியை யாரும் மாற்றியதில்லை.

இந்தப் பெருமையில் முதல் ஓட்டை விழுந்தது கும்மிடிப்பூண்டிப் பக்கம் நடந்த எங்கள் முதல் கூட்டத்தில். அரசுக் கூட்டம் என்றால் காலை பதினோரு மணி. அப்படித்தான் நோட்டீஸ் போட்டிருந்தேன். மண்டபம், நாற்காலி, மைக், மின்விசிறி எல்லாம் தயார். வந்தவர்கள் மனை புரோக்கர்கள் சிலர், டீக்காக வந்த ஒரு பெரியவர், அவ்வளவுதான். சௌந்தரி பிறந்து வளர்ந்தது அந்தப் பக்கம். அவள் அப்பா கழனி வேலை செய்தவர், அண்ணன்கள் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்குகிறவர்கள். காலி நாற்காலிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"தேதி ஷோக்கா போட்டுக்கிற வேதா. நேரம்தான் பேஜாரு. பதினோரு மணிக்கு இந்த ஊர்ல யாரு ஊட்ல கீறாங்க? மொத ஷிஃப்டு உள்ள கீது, நைட் ஷிஃப்டு தூங்கிக்கினு கீது. நீ இன்னா, நாக்காலிங்களுக்கா கூட்டம் போட்ட?"

அரசாங்கத்துக்கு என்று ஒரு நேரம் இருக்கிறது என்றேன். அவள் வாதாடவில்லை. தேதி உன்னுது, நேரம் என்னுது, ஒத்துக்கினியா என்று மட்டும் கேட்டாள். அலுவலகம் திரும்பியதும், நான் வாயைத் திறப்பதற்குள் அதிகாரியின் அறைக்குப் போய் அனுமதியும் வாங்கிவிட்டாள். அடுத்த கூட்டம் முதல் ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் நடந்தது. கம்பெனி பஸ் ஓட்டுநர்களிடம் பேசி வைத்திருந்தாள் போல, பஸ்கள் நேராக மண்டப வாசலில் வந்து ஆட்களை இறக்கிவிட்டன. யூனிஃபார்மோடு, சாப்பாட்டுப் பையோடு ஆண்களும் பெண்களும் வந்து நின்றதில் வெளியே வராந்தாவிலும் இடம் இல்லை. அதிகாரி எல்லோர் முன்னாலும் சௌந்தரியைப் பாராட்டினார். அன்று சுற்றுவட்டாரத்தில் ஒரு கல்யாணம் கிடையாது, திருவிழா கிடையாது, அப்படிப்பட்ட தேதியைப் பார்த்துப் போட்டது யார் என்று அவர் கேட்கவில்லை. நானாக எழுந்து சொல்லிக்கொள்ள முடியுமா?

பள்ளிப்பட்டுக் கூட்டம் இன்னும் மோசம். அங்கே விவசாயிகள் பாதி தெலுங்கு, பாதி தமிழ் பேசுவார்கள். சௌந்தரிக்குத் தெலுங்கு ஒழுங்காகத் தெரியாது. ஆனாலும் முன்வரிசையில் இருந்த ஒருவரை நைனா என்று கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் புறவழிச்சாலை தன் மாந்தோப்பில் எங்கே நுழைகிறது என்பதில் தொடங்கி மருமகளின் முழங்கால் வலி வரைக்கும் சொல்லி முடித்தார். நான் எதிரே உட்கார்ந்து குறிப்பு எடுத்தேன். கூட்டம் முடிந்ததும் அவளுக்கு மட்டும் இலை போட்டு நாஷ்டா வைத்தார்கள். மேடம் கோயில் ஊட்டுப் பொண்ணு, வெளிய கை நனைக்க மாட்டாங்க என்று அவளே அவர்களிடம் சொல்லி வைத்திருந்தாள். மரியாதைக்காகத்தான் சொன்னாள் என்று தெரியும். ஆனால் நான் வெளியில் சாப்பிடுவேன். நெய் மணக்கிற பொங்கல் என்றால் நன்றாகவே சாப்பிடுவேன்.

எந்த ஊருக்குப் போனாலும் அவள் அக்கா, நான் மேடம். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே சம்பளம், ஒரே மாதிரி கைத்தறிப் புடவை. சின்னவர், பெரியவர் எல்லோருக்கும் அவள் சௌந்தரிக்கா. என்னைப் பார்த்ததும் மடித்துக் கட்டியிருக்கிற லுங்கியை இறக்கிவிட்டு "சொல்லுங்க மேடம்" என்பார்கள். பார்க்க மரியாதையாகத்தான் இருந்தது. எனக்கு மட்டும் அது கதவைச் சாத்துகிற மாதிரி கேட்கும்.

அவள் செய்ததிலேயே என்னை அதிகம் எரிச்சல்படுத்தியது வரைபடத்தைத் தரையில் போட்டதுதான். அதுவரை சுவரில் மாட்டுவோம். மக்கள் தள்ளி நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். "சொவுத்துல மாட்னா சாமி படம்னு கும்ட்டுட்டுப் பூடுவாங்க வேதா. கீழ போட்டாத்தான் அது அவங்க ஊரு" என்பாள். பிறந்தநாள் பேனர் அடிக்கிற கடைக்குப் போய், வரைபடத்தை ஓர் அறை அகலத்துக்கு ஃபிளெக்ஸில் அடித்துக்கொண்டு வந்துவிட்டாள். வடக்கு வடக்கே இருக்கும்படி திருப்பிப் போட்டு, செருப்பை விட்டுட்டு உங்க ஊட்டு மேல போய் நில்லுங்க என்று சொல்வாள். முதல் தடவை ஃபிளெக்ஸைப் பார்த்து யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டவர்கள்கூட, கொஞ்ச நேரத்தில் ஏரிக்கரையில் ஏறி, ரோட்டைப் பிடித்து, அடுத்த வீட்டுக்காரனை அவன் வேலிக்கு அந்தப் பக்கம் தள்ளி நிற்கச் சொல்லிச் சண்டை போட ஆரம்பித்தார்கள். அரசாங்க வரைபடத்தை மிதிக்க விடுகிறாளே என்று அதிகாரியிடம் சொன்னேன். அவர் போய்ப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, அவரும் ஏறி நின்றார்.

இனி நாவல்மேட்டுக்கு வருகிறேன். உங்களில் பாதிப் பேர் அதற்காகத்தான் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். அந்தக் கதை இந்த மாவட்டம் முழுக்கச் சுற்றி, எனக்கே பலபேர் சொல்லியிருக்கிறார்கள். நடந்தது இதுதான்.

நாவல்மேடு, தொழிற்பேட்டை மதிலை ஒட்டிய குடியிருப்பு. இந்துக்களும் கிறிஸ்தவர்களும் கலந்து இருப்பவர்கள், ஒரு காலத்தில் கழனி ஆட்கள், இப்போது கம்பெனி ஆட்கள். ஆட்சேபணை தரக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. என் அட்டவணைப்படி அதுதான் கடைசிக் கூட்டம். சௌந்தரி வழக்கம்போல ஃபிளெக்ஸின் நடுவில் நின்று, இது ரோடு, இது ஏரி, இந்த ஊதா எல்லாம் கம்பெனி வரப்போற எடம் என்று பேசிக்கொண்டிருந்தாள். நான் சுவரோரம் நாற்காலியில் இருந்தேன். என் கண் எங்கே இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அவள்மேலேயேதான். யார் யார் அவள் பக்கத்தில் போய் நிற்கிறார்கள், யார் சிரிக்கிறார்கள், யார் அக்கா என்கிறார்கள் என்று ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது கவனித்தேன். ஏரிப் பக்கத்திலிருந்து ரோட்டுப் பக்கம் போகிற எல்லோரும் ஓர் இடத்தில் வளைந்து போனார்கள். நேராக நடந்தால் நாலு எட்டு, அவர்கள் ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு போனார்கள். பெண்கள் பேச்சை நிறுத்தாமலே, கீழே பார்க்காமலே வளைந்தார்கள். ஏழுமலை என்ற பெரியவர் கவனமில்லாமல் அந்த இடத்தில் கால் வைக்கப் போய், சட்டென்று காலை இழுத்துக்கொண்டு சுற்றிப் போனார். அங்கே வரைபடத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் ஊதாதான். தரை ஈரமாக இருக்கிறதோ, கல் ஏதாவது குத்துகிறதோ என்று எழுந்து போய் ஃபிளெக்ஸைத் தூக்கிப் பார்த்தேன். தரை காய்ந்து, சமமாக இருந்தது. பெரியவரிடம் ஏன் சுற்றிப் போகிறீர்கள் என்று மெதுவாகக் கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அங்க எங்கம்மா கீது மேடம். மேல எப்டி மெதிக்கிறது?"

அது அவர்கள் இடுகாடு, ஊர் வாயில் சுடுகாடு. இந்துவும் கிறிஸ்தவரும் அங்கேதான். நிலக் கணக்கில் தரிசு என்று இருந்ததால் எங்கள் வரைபடத்தில் தரிசாக வந்து, தொழிற்பேட்டையோடு சேர்ந்து ஊதாவாகிவிட்டது. ஊரில் ஒருவர்கூட ஆட்சேபணை எழுதவில்லை. சுடுகாடு இருப்பது வரைபடம் போட்டவனுக்குத் தெரியாமலா இருக்கும் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். அது நிறத்தில் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கவே அவர்களுக்குத் தோன்றவில்லை. காலுக்கு மட்டும் தெரிந்திருந்தது. கடைசி நாள் தாண்டிவிட்டால் ஊதா ஊதாவாகவே முடிவாகி, என்றைக்கோ ஒரு நாள் மதில் சுவர் அதைச் சுற்றி வளைத்திருக்கும்.

நான் நேராகச் சௌந்தரியிடம் போய்க் காதில் சொன்னேன். பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டாள். அந்த ஊதாவின் ஓரத்துக்குப் போய், மிதிக்காமல் நின்றாள்.

"இங்க யாராரு ஊட்டு ஆளுங்க கீறாங்க? பேரச் சொல்லுங்க."

ஏழுமலை முதல் ஆளாகத் தன் அம்மாவின் பெயரைச் சொன்னார். ஒருவர் அண்ணனைச் சொன்னார். யூனிஃபார்மில் நின்ற ஒரு பெண், கூட்டம் தொடங்கியதிலிருந்து வாயே திறக்காதவள், பேர் வைக்கறதுக்குள்ள பூட்ச்சுக்கா என்றாள். சௌந்தரி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் அந்த ஓரத்தில் வட்டமாக நின்று தங்கள் ஆட்களைச் சொல்லிக்கொண்டே போனார்கள். நான் எழுதிக்கொண்டே போனேன். என் கையெழுத்து அன்று மட்டும் ஒழுங்காக இல்லை. அன்றே அங்கேயே ஆட்சேபணை மனு எழுதி, கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினோம். அதிகாரிகள் வந்து இடத்தைப் பார்த்தார்கள். முடிவான வரைபடத்தில் அந்த இடம் ஊதாவிலிருந்து விலகி, இடுகாடு என்ற பெயரோடு வந்தது.

அன்றிலிருந்து அது சௌந்தரிக்கா கண்டுபிடித்த சுடுகாடு. அலுவலகத்தில், தாலுகாவில், பஸ்ஸில் எல்லா இடத்திலும் அப்படித்தான். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பெரியபாளையம் வழியாகத் திரும்பி வருகிற பஸ்ஸில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.

"நீதான் பாத்தன்னு ஆபீசராண்ட நான் சொன்னேன் வேதா. அவரு காதுல ஏறல."

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தேன்.

"நீ பாத்த. நான் சொன்னேன். ரெண்டும் வேணும்ல? இன்னா பண்றது, உனுக்குக் கண்ணு பெருசு, எனுக்கு வாய் பெருசு."

அவள் சிரித்தாள். பொய் சொல்லிப் பெயர் வாங்கியிருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். நல்லபடியாகச் சண்டை போட்டு, அவளைப் பிடிக்காமலே இருந்திருப்பேன். அவள் உள்ளதைத்தான் சொன்னாள், கேட்டவர்கள்தான் அதை வைத்துக்கொள்ளவில்லை. பஸ் நின்ற இடத்தில் கொய்யாப்பழம் வாங்கிப் பிட்டு, பெரிய துண்டை என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். திருவள்ளூர் வரும்வரை அதையே கடித்துக்கொண்டு வந்தேன்.

சில வருஷம் கழித்து நாவல்மேட்டிலிருந்து அவள் மகள் ஷீபாவைப் பெண் கேட்டு வந்தார்கள். அவங்க ஊட்ல பொண்ணு எடுக்கக் குடுத்து வச்சிருக்கணும் என்றார்களாம். என் பிள்ளைகளுக்கு எந்தக் கருத்துக் கேட்புக் கூட்டத்திலிருந்தும் சம்பந்தம் வரவில்லை. ஷீபாவை அங்கேயே கட்டிக் கொடுத்தாள். தன் கணவர் போன பிறகு சௌந்தரியும் மகள் வீட்டோடு நாவல்மேட்டிலேயே தங்கிவிட்டாள். போனில் பேசும்போதெல்லாம், இந்த ஊர்ல ஒரு நாளாவது என்னை அடுப்புப் பத்த வைக்க வுட்றாங்களா பாரு என்று அலுத்துக்கொள்வாள். அலுப்பாம். என் காதுக்கு அது பெருமையாகத்தான் கேட்கும்.

அடக்கத்தன்று ஆனி அமாவாசை. திருவள்ளூரிலிருந்து ஒரு பஸ்ஸைப் பிடித்து வெளியே வருவதற்குள் எனக்கு மூச்சு முட்டிவிட்டது. கூட்டத்தில் இடித்துக்கொண்டு நின்றபோது தோன்றியது. தேதியை எப்போதும் என்னிடம் விட்டவள், கடைசியில் என்னைக் கேட்காமல் ஒரு தேதியைப் போட்டுக்கொண்டாள். கேட்டிருந்தால் இந்தத் தேதியைக் கொடுத்திருக்க மாட்டேன். எந்தத் தேதியுமே கொடுத்திருக்க மாட்டேன்.

நேரத்தில் மட்டும் தவறவில்லை. எப்போது எடுக்கிறீர்கள் என்று ஷீபாவைக் கேட்டேன். "மொத ஷிஃப்டு வுட்டதும் ஆன்ட்டி. அம்மா முன்னாடியே சொல்லிட்டாங்க" என்றாள். சொன்னபடியே கம்பெனி பஸ்கள் தெருமுனையில் வந்து நின்றன. நீலச் சட்டை, காக்கிச் சட்டை, தலையில் வலை மாட்டிய பெண்கள், எல்லோரும் வேலை முடிந்த களைப்போடு இறங்கி வந்தார்கள். அவ்வளவு பேர். நான் போகிற அன்று யார் வருவார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். என் பிள்ளைகள் விமானம் பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

வீட்டுக்குப் பின்னால் குளியலறைக்குக் கூரையாக ஒரு பழைய ஃபிளெக்ஸ் கட்டியிருந்தது. வெயிலில் வெளுத்துப்போய் மஞ்சளும் பச்சையும் ஒன்றாகக் கிடந்தன. ஆனால் ஏரியின் வளைவைப் பார்த்ததும் அது எங்கள் நாவல்மேட்டு வரைபடம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வந்திருந்த அத்தனை பேரில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. அதை எனக்குக் கொடுக்கிறாயா என்று ஷீபாவிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தாள். மழை வந்தால் ஒழுகுமே ஆன்ட்டி என்றாள். அவள் அம்மாவின் பெண்தான்.

இடுகாட்டில் எனக்கு முன்னால் ஸ்டீபன் என்ற காக்கிச் சட்டைக்காரர் புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "மேப்பு மேல நடந்துக்கினே வந்தாங்க பாரு அக்கா, டக்குனு நின்னுட்டாங்க. காலுக்குக் கீழர்ந்து யாரோ கூப்ட்ட மாதிரி இருந்துச்சாம்." கூப்பிட்டார்களாம்! யாரும் கூப்பிடவில்லை, நான்தான் காதில் சொன்னேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. ஏழுமலை பெரியவர் தடியை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தார். இவராவது சொல்லுவார் என்று அவரைப் பார்த்தேன். அவர் கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார்.

"அவங்ககூட வேல செஞ்சீங்களா மேடம்?"

ஆமாம் என்றேன்.

"குடுத்து வச்சவங்க."

பாதிரியார் ஜெபம் முடித்ததும் பெட்டியை இறக்கினார்கள். ஏரிப் பக்கம், அன்று வரைபடத்தில் எல்லோரும் வளைந்து போன அந்த இடத்தில்தான். நான் அன்று நாற்காலியை விட்டு எழுந்திருக்காவிட்டால் அவளுக்கு இந்த மண் கிடையாது. இதை அவளிடமே சொன்னால் மறுக்க மாட்டாள், முதல் ஆளாக ஒத்துக்கொண்டு, ஊரைக் கூட்டிச் சொல்லவும் சொல்லுவாள். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஒரு பிடி மண்ணை எடுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினேன்.

திரும்பும் வழியில் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. வளர்ச்சித் திட்டத்தைத் திருத்தி எழுதுகிறார்கள். புதிய வரைவு, புதிய வரைபடம், ஊர்வாரியாகக் கருத்துக் கேட்புக்கான கால அட்டவணை. பழக்கதோஷம், நின்று படித்தேன். நாவல்மேட்டுக் கூட்டத்தை ஆடிக் கிருத்திகையன்று வைத்திருந்தார்கள். எனக்குப் பின்னால் அந்த வேலைக்கு வந்தவர்களுக்குப் பஞ்சாங்கம் பார்க்கத் தெரியவில்லை போல. நேரம், காலை பதினோரு மணி.

"சௌந்தரி, நேரத்தப் பாரு" என்று பக்கத்தில் திரும்பிச் சொன்னேன்.

பக்கத்தில் ஸ்டீபன் நின்றிருந்தார். என்ன மேடம் என்றார். இவரிடம் யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும், சொல்லுகிறவளை இப்போதுதான் மண்ணில் வைத்துவிட்டு வந்திருக்கிறோம். நான் சொன்னேன். அந்தத் தேதியில் பாதி ஊர் திருத்தணியில் இருக்கும், அந்த நேரத்தில் மீதி ஊர் கம்பெனிக்குள் இருக்கும். இரண்டையும் மாற்றச் சொல்லி இப்போதே எழுதிக் கொடுங்கள். வரைபடத்தைத் தரையில் விரித்துக் காட்டச் சொல்லுங்கள். புதிதாக வரைகிறார்கள், உங்கள் சுடுகாடு அதில் இருக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள். பேசப் பேச ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். அத்தனை பேர் நடுவில் நின்று நான் பேசியதே இல்லை. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

ஸ்டீபன் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கினீங்களாபா? சௌந்தரிக்கா நமக்குச் சொல்லிட்டுப் போய்க்கிறாங்க." பிறகு என்னைப் பார்த்தார். "அக்கா சொன்னதுதானே மேடம்?"

பார்த்தது நான். இந்த முறை சொன்னதும் நான். அவளுக்கு இதில் ஒன்றுமே இல்லை, அவள் உயிரோடுகூட இல்லை. இத்தனை வருஷம் வாயில் அடக்கி வைத்திருந்த எல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்தது.

"ஆமாம்" என்றேன். "அவதான் சொன்னா."

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் சொன்னதாகச் சொல்லியிருந்தால் விசாரித்துப் பார்த்திருப்பார்கள். அவள் சொன்னது என்றதும் விசாரிக்கவே இல்லை, யார் எழுதுவது, யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்று அங்கேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள். என்ன தேதி கேட்கலாம் என்று மட்டும் என்னைக் கேட்டார்கள். பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்துச் சொன்னேன். நேரத்தை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவளிடமிருந்து எனக்கு ஃபிளெக்ஸ் கிடைக்கவில்லை, படத்தில் அரைத் தோளுக்கு மேல் இடம் கிடைக்கவில்லை. கிடைத்திருப்பது இந்தப் பொறாமை ஒன்றுதான். முன்பெல்லாம் இதை எப்போது இறக்கி வைப்போம் என்று இருக்கும். இப்போது அப்படி இல்லை. ஒவ்வொரு நாளும் எழுந்ததும் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். இருக்கிற வரைக்கும், எதையாவது பார்த்துவிட்டு, அவளிடம் சொல்ல நான் பக்கத்தில் திரும்புவேன்.